பிள்ளைக் காம்பராவில் நான் பேசிய பேச்சுகள்

பிள்ளைப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பேசச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன். எழுதுவதென்றால் பரவாயில்லை, நான் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

எஹலியகொடையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே மேலே ஏறினால் எங்கள் தோட்டம். கீழே ரப்பர், மேலே தேயிலை. லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்தவர்கள் தமிழ் ஆட்கள். கீழ்க் கிராமத்திலிருந்து சிங்களப் பெண்களும் ரப்பர் பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் வருவார்கள். எல்லோருடைய பிள்ளைகளுக்கும் ஒரே பிள்ளைக் காம்பராதான். நீளமான ஒரு அறை, பாதிக் கதவு, உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள்.

1993இல், எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது, அங்கே ஆயாவாகப் போனேன். அதற்கு முன்பு கொழுந்து பறித்தேன். பறித்தேன் என்று சொல்வது கூட அதிகம். தராசடியில் என் கூடையைப் பார்த்துவிட்டுக் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு நாளும், “பேரு என்னா?” என்று கேட்பார். நான் சொல்வது அவர் காதில் விழாது. மூன்று முறை கேட்பார். நான்காவது முறை பின்னால் நிற்பவர்கள் சேர்ந்து, “பாக்கியம்!” என்று கத்துவார்கள். பழைய ஆயா கேகாலைக்குக் கல்யாணமாகிப் போனதும் கணக்கப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார்.

“நீ கொழுந்து எடுக்குற லட்சணத்துக்கு அங்க போயி புள்ளைங்களயாவது பாரு. அதுங்க ஒன்ன பேரு கேக்காது.”

முதல் நாள் காலையில் பதினான்கு பிள்ளைகள். ஒன்று அழுதால் பதினான்கும் அழும். அது எனக்குத் தெரியாது. ஏழு மணிக்குள் நானும் அழுதுவிட்டேன்.

அன்று என்னைத் தோற்கடித்தவன் சமிந்த. பால் வெட்டும் சோமலதாவின் மகன், இரண்டு வயது. சோற்றைக் குழைத்துக் கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். எனக்குச் சிங்களம் தெரியும். எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. கடை வீதியில் பேசும் சிங்களத்தில், “கன்ன, கன்ன” என்றேன். சாப்பிடு, சாப்பிடு என்று அர்த்தம். மீன்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க இறங்கி வருவார்கள். அது எல்லாத் தோட்டத்திலும் உள்ள முறை. சோமலதாவும் வந்தாள். மகனை மடியில் போட்டு, “கன்ன புத்தே... தவ பொட்டக்...” என்றாள். மகனே சாப்பிடு, இன்னும் கொஞ்சம் என்றுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் கிணற்றில் வாளி இறக்குவது போல மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள். பையன் வாயைத் திறந்தான்.

மறுநாள் நானும் அப்படியே வாளியை இறக்கினேன். அவன் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தான். பிறகு தன் வாயைத் திறந்தான்.

தாய்மாரிடம் கேட்டு வாங்கியது

அன்று எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பிள்ளை சொல்லைக் கேட்பதில்லை. சொல்லும் விதத்தைத்தான் கேட்கிறது. அது அதன் வீட்டு விதமாக இருக்க வேண்டும்.

அதன் பிறகு புதிதாக ஒரு பிள்ளை வந்தால் தாயைக் கதவடியில் நிறுத்தி ஒன்று மட்டும் கேட்பேன். “வீட்டுல என்னா சொல்லி ஊட்டுவீங்க?”

பலருக்குச் சிரிப்பு வரும். ராக்கம்மா அக்கா என்று ஒருவர் இருந்தார். மலையில் அவர் பேசினால் அடுத்த மலைக்குக் கேட்கும். அவர் சொன்னார்: “என்னத்த சொல்றது? ‘முழுங்குடி சனியனே’ன்னுதான்.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் மகள் அதைச் சொல்லாவிட்டால் விழுங்கமாட்டாள். கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஆகையால் நான் தினமும் மிக அன்பாக, “முழுங்குடி சனியனே” என்று சொல்லி ஊட்டினேன்.

தோட்டத்தின் கீழ் டிவிஷன் தாய்மார் தமிழோடு பாதிக்குப் பாதி சிங்களம் கலந்து கொஞ்சுவார்கள். மேல் டிவிஷனில் தாலாட்டில் மூக்கால் இழுப்பார்கள். ஒரு தாய் பேசவே மாட்டாள், நாக்கால் ‘ட்சொ ட்சொ’ என்று மட்டும் செய்வாள். எல்லாவற்றையும் பழகிக்கொண்டேன். பெரியவர்கள் முன்னால் ஒரு வார்த்தை வராத எனக்குப் பிள்ளைகள் முன்னால் இருபது விதமாகப் பேச வந்தது.

பிள்ளைகளும் ஒருவரிடமிருந்து ஒருவர் பொறுக்கிக்கொண்டார்கள். தமிழ்ப் பிள்ளைகள் வேண்டாம் என்பதற்குச் சிங்களத்தில் ‘எப்பா’ என்றன. ஒருநாள் சோமலதா கதவடியில் நின்று என்னிடம் முறையிட்டாள்.

“அனே பாக்கியம் நங்கி, மகே புத்தா கெதரதி தண்ணி இல்லனவா!”

வீட்டில் என் மகன் ‘தண்ணி’ கேட்கிறான் என்கிறாள். புருஷனுக்குத் தமிழ் தெரியாதாம். பையன் அழ அழ, அவர் வீட்டிலுள்ள சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாராம். குடத்தைத் தூக்கியதும் அழுகை நின்றதாம். சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

தினமும் காலையில் பிள்ளைகளுக்குப் பாண், அதாவது ரொட்டி, கொண்டுவருபவர் ஜமால் நானா. மாவனல்லையில் பிறந்தவர், எங்கள் சந்தியில் கடை வைத்திருந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டுக் கதவுக்கு வெளியே நின்று நான் ஊட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார்:

“தங்கச்சி, ஒங்கட வாய்க்குள்ள எத்தின பேர் ஈக்கிற?”

என் வாய்க்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்கிறார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

டீச்சருடைய மகள்

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அப்போதும் என் பெயர் கொழுந்துப் பதிவில்தான் இருந்தது. ஆள் குறைந்தால் என்னை மறுபடி மலைக்கு அனுப்பலாம். அந்த வருஷம் ஆயா வேலையை நிரந்தரமாக்கலாம் என்று தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை சொல்லியிருந்தார். அதற்குத் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா ஒரு கடிதம் எழுத வேண்டும். பிள்ளைக் காம்பரா அவருடைய பொறுப்பு. மலைக்குப் போவது எனக்குப் பயமில்லை. ஆனால் உலகத்தில் நான் வாய் திறந்து பேசிய இடம் அந்தக் காம்பரா ஒன்றுதான். அது கையைவிட்டுப் போகக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டேன்.

டிஸ்பென்சரி ஐயாவை நாங்கள் டொக்டர் ஐயா என்போம். யாழ்ப்பாணத்தவர், நெடுநாளாகத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அவருடைய மனைவி கௌரி டீச்சர் அந்த வருஷம்தான் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். யுத்த காலம். எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் படிப்பிக்க இடம் கிடைத்தது. இரண்டு வயது மகள் தர்சினியைப் பார்க்க வீட்டில் ஆளில்லை.

உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள் பிள்ளைக் காம்பராவுக்கு வரும் வழக்கம் இல்லை. அது லயத்துப் பிள்ளைகளுக்கான இடம். ஆனால் டீச்சர் ஒரு காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து பாதிக் கதவுக்கு வெளியே நின்றார். தோட்டமே எட்டிப் பார்த்தது.

“பாக்கியம் எண்டது நீங்களோ? பிள்ளையை உங்களிட்ட விட்டிட்டுப் போகலாமோ?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டில் என்ன சொல்லி ஊட்டுவீர்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு நா எழவில்லை.

மூன்று நாள் தர்சினி சாப்பிடவில்லை. எனக்குத் தெரிந்த இருபது விதத்தையும் காட்டினேன். ‘சனியனே’யைத் தவிர. டீச்சர் இடைவேளைக்கு ஓடிவந்து ஊட்டிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்ப ஓடுவார். நான் தொட்டில்களுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“ஆ காட்டுங்கோ பிள்ளை. என்ர குஞ்செல்லோ. வடிவாச் சாப்பிட்டால்தானே கெதியா வளரலாம். ஓம், அப்பிடித்தான். இன்னுமொரு வாய்.”

வடிவா என்றால் நன்றாக, கெதியா என்றால் சீக்கிரம் என்று புரிந்துகொண்டேன். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ‘ங்கோ’ போட்டுப் பேசுகிறார்! நாங்கள் தொரைக்குக் கூட அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மரியாதையாகச் சொல்வதில்லை.

நான்காம் நாள் நான் தர்சினியின் முன்னால் உட்கார்ந்து, டீச்சரைப் போலவே முதுகை நிமிர்த்தி, இல்லாத மூக்குக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிக்கொண்டு, “ஆ காட்டுங்கோ பிள்ளை” என்றேன். பிள்ளை சிரித்தது. பிறகு சாப்பிட்டது. ஒரு கிண்ணம் முழுவதும்.

அடுத்த வாரத்தில் காம்பரா முழுவதும் ஆமாம் என்பதற்கு ‘ஓம்’ என்றது. சமிந்தவும் ‘ஓம்’ என்றான். சோமலதாவின் புருஷன் பாவம், மறுபடி குடத்தைத் தூக்கியிருப்பார்.

என் பிழை

இதுவரை சொன்னதில் என் பிழை எதுவும் இல்லை. இனித்தான் வருகிறது.

ஒருநாள் பத்து மணிக்கு வந்த தாய்மார் நான் தர்சினிக்கு ஊட்டுவதைப் பார்த்துவிட்டார்கள். ராக்கம்மா அக்கா பிள்ளைக்குப் பால் கொடுப்பதையே மறந்து நின்றார்.

“அடியே, டீச்சரே வந்து ஒக்காந்த மாதிரில்ல இருக்கு! பொடிசுக்குப் போயி சாப்புடுங்கோவாம்ல! எங்க வீட்டுல மாமியாளுக்கே நான் ‘ங்க’ போடுறதில்ல!”

எல்லோரும் சிரித்தார்கள். தர்சினி சாப்பிட்டு முடித்துத் தொட்டிலில் தூங்கிப் போனாள்.

“இன்னொருக்கா சொல்லு பாக்கியம். அந்தக் கண்ணாடியத் தள்ளுறதையும் செய்யி” என்றார் ராக்கம்மா அக்கா.

பிள்ளை தூங்கிவிட்டது. ஊட்டுவதற்கு யாருமில்லை. ஆனாலும் செய்தேன். என் வாழ்க்கையில் பத்துப் பேர் என் பேச்சைக் கேட்க உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காலி வாசலைப் பார்த்து நின்று, கண்ணாடியைத் தள்ளி, “ராக்கம்மா, நீங்கள் வடிவாக் கொழுந்து பறிக்கிறேல்ல. கெதியாப் பறியுங்கோ” என்றேன். சோமலதாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், அவளும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். அந்தச் சத்தம் என்னிடம் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

சிரிப்பு ஒரே நேரத்தில் நின்றது. நான் பார்த்த வாசல் காலியாக இல்லை. டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே வந்து, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். போகும்போது என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார்.

“எங்கட கதை உங்களுக்குப் பகிடியாக் கிடக்கோ?” எங்கள் பேச்சு உங்களுக்குக் கேலியாக இருக்கிறதா என்கிறார்.

அடுத்த நாள் தர்சினி வரவில்லை. டீச்சரும் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. டீச்சர் வேலையை விடப் போகிறார் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். “டொக்டர் ஐயா ஒன்னோட கடதாசிய எழுதுன மாதிரித்தான்” என்றார் கணக்கப்பிள்ளை. நான் பிள்ளைகளுக்கு மௌனமாக ஊட்டினேன். ராக்கம்மா அக்காவின் மகள் சோற்றைக் கன்னத்தில் அடக்கியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாண் கொண்டுவந்த ஜமால் நானாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

“போய் சொல்லுங்கொ தங்கச்சி. பொய் ஒண்டும் தேவில்ல. ஒங்கட சொந்த வாயால சொல்லுங்கொ, சரி.”

மன்னிப்புக் கேட்கப் போனது

இரண்டு தடவை டீச்சர் இருந்த குவார்ட்டஸ் வேலி வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை பின்னேரம் நாலு மணி போல் போனேன். வழி முழுவதும் ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ‘டீச்சர், நான் செஞ்சது தப்புங்க. மன்னிச்சிருங்க.’ அவ்வளவுதான். ரப்பர் மரங்களுக்குச் சொன்னேன். ஒரு மாட்டுக்கும் சொன்னேன்.

கதவைத் தட்டினேன். டீச்சர் திறந்தார். பின்னால் டொக்டர் ஐயா பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன வேணும்?” என்றார் டீச்சர்.

நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

“டீச்சர், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் வேணுமெண்டு செய்யேல்ல.”

அதோடு நிற்கவில்லை. என் விரல் தானாக மேலே போய், இல்லாத கண்ணாடியைத் தள்ளியது.

டீச்சரின் முகம் வெளுத்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். டொக்டர் ஐயாவுக்குத் தேத்தண்ணீர் புரையேறியிருந்தது. சட்டையெல்லாம் தேத்தண்ணீர்.

“ஐயோ இல்லீங்க டீச்சர்! சத்தியமா இல்லீங்க!” என்று கத்தினேன். இப்போதுதான் என் பேச்சு வந்தது, அழுகையோடு சேர்ந்து. “அது தானா வந்துருச்சுங்க. யாரு முன்னால நின்னாலும் அவங்க பேச்சுதாங்க எனக்கு வருது. புள்ளைக்கு ஊட்டத்தாங்க படிச்சேன். அன்னக்கி எல்லாரும் சிரிக்கவும் ஆசப்பட்டுட்டேங்க. அதாங்க தப்பு. கடதாசி எழுதாட்டியும் பரவால்லீங்க, புள்ளய மட்டும் அனுப்புங்க.”

அவ்வளவு நீளமாக ஒரு பெரிய மனுஷியிடம் நான் பேசியதே இல்லை.

டொக்டர் ஐயா சட்டையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “கோவிக்காதையும் கௌரி. இந்தப் பிள்ளை பொய் சொல்லேல்ல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “என்னாம்மா நீ, மன்னிப்பு கேக்க வந்த எடத்துலயும் இப்புடி மாட்டிக்கிட்டியே?” என்றார்.

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “இது ஆர் கதைக்கிறது? டிஸ்பென்சரியில இப்பிடித்தான் கதைக்கிறனீங்களோ?”

“பின்னென்ன? எங்கட மாதிரிக் கதைச்சால் சனம் பாதி நோயைச் சொல்லாமல் போயிடும்.”

“வீட்டில ஒரு கதை, வெளியில ஒரு கதை! எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.”

அப்போது உள்ளிருந்து தர்சினி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். தாய் கொடுத்த பாலை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும், வாயோரம் வெள்ளையாக இருந்தது. மேலே பார்த்துச் சொன்னாள்:

“ஆயா, கிரி எப்பா. சோறு குடுங்கோ. பசிக்குதுல்ல!”

பால் வேண்டாம் என்றது சமிந்தவின் பேச்சு. குடுங்கோ என்றது அம்மாவின் பேச்சு. கடைசிச் சொல்லை இழுத்தது ராக்கம்மா அக்காவின் மகளே தான்.

டொக்டர் ஐயாவுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். உத்தியோகத்தர் வீட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான். விளிம்பில்தான் உட்கார்ந்தேன்.

“பஸ்ஸில ஏறினால் நான் வாய் திறக்கிறேல்ல, பாக்கியம்” என்றார். “டிக்கெட்டுக்கும் கையாலதான் காட்டுறனான். வாய் திறந்தால் எந்த ஊர் எண்டு தெரிஞ்சுபோயிடும். வீட்டுக்குள்ள மட்டுந்தான் எங்கட கதை. அண்டைக்கு வாசலுக்கு வரேக்க அந்தக் கதை வெளியில பெரிசாக் கேட்டது. ஆரோ எங்கட ஊர் ஆக்கள் வந்திட்டினம் எண்டு நினைச்சு ஓடி வந்தனான். கிட்ட வந்த பிறகுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.”

“நானும் பஸ்ஸுல வாயத் தொறக்க மாட்டேங்க டீச்சர்” என்றேன். “எனக்கு எந்த ஊர்க்காரங்களப் பாத்தாலும் பயம்.”

இதற்கும் இருவரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

புறப்படும்போது டீச்சர் சொன்னார்: “பிள்ளையோட நீங்கள் அப்பிடியே கதையுங்கோ. அவளுக்கு எங்கட கதை மறக்கக் கூடாது. ஆனா ஆக்களுக்குக் காட்டுறதுக்கில்ல. இன்னொண்டு, ஒருநாளைக்கு நான் உங்களைப்போலக் கதைச்சுக் காட்டுவன். அப்ப நீங்கள் கோவிக்கக்கூடாது.”

பத்து மணி

மறுநாள் பத்து மணிக்கு டீச்சர் காம்பராவுக்கு வந்து, ஓடிப்போகாமல் தாய்மாரோடு கீழே உட்கார்ந்தார். ராக்கம்மா அக்காதான் தொடங்கினார்.

“டீச்சர், அன்னக்கி நாங்க சிரிச்சது ஒங்களப் பாத்து இல்லீங்க. பொடிசுக்கு இம்புட்டு மரியாதயான்னுதான் சிரிச்சோம். எங்களயெல்லாம் யாரும் அப்புடிச் சொன்னதே இல்லீங்களே.”

டீச்சர் தன் போத்தலிலிருந்து கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றி அவரிடம் நீட்டினார். “ராக்கம்மா, தேத்தண்ணி குடியுங்கோ” என்றார்.

அடுத்த மலைக்குக் கேட்கப் பேசும் ராக்கம்மா அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சோமலதா, “மட்டத் குடியுங்கோ!” என்று கையை நீட்டினாள். எனக்கும் என்கிறாள்.

அந்த மாதம் என் கடிதம் வந்தது. டொக்டர் ஐயா எழுதியதில் ஒரு வரியைப் பெரிய தொரை எனக்கு வாசித்துக் காட்டினார்: இந்த ஆயா பிள்ளைகளோடு அவரவர் வீட்டுப் பேச்சில் பேசுகிறார். தொரை என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். நல்லவேளை, எனக்கு ஆங்கிலம் வராது.

சிறுவர் தினம்

டீச்சர் தன் சொல்லை மறக்கவில்லை. அடுத்த வருஷம் சிறுவர் தினத்துக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் பாட்டு, நாடகம் எல்லாம் நடந்தது. லயத்து ஆட்கள், கீழ்க் கிராமத்து ஆட்கள், ஜமால் நானா குடும்பம், எல்லோரும் வந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் ஒரு மரத்துக்குப் பின்னால் இருந்தேன்.

டீச்சர் மேடையேறினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தோளைக் குறுக்கினார். முந்தானை நுனியை வாயருகே கொண்டுபோனார். தரையைப் பார்த்தார். மிக மெல்லிய குரலில், “பேருங்களா... பாக்கியங்க...” என்றார்.

பின்னாலிருந்து ராக்கம்மா அக்கா, “கேக்கல!” என்று கத்தினார்.

“பாக்கியங்க...”

“கேக்கல!” இப்போது மைதானமே கத்தியது. கணக்கப்பிள்ளையும் சேர்ந்து கத்தினார்.

டீச்சர் அதே தரையைப் பார்த்தபடி, அதே மெல்லிய குரலில் சொன்னார்: “புள்ள தூங்குதுங்க. மெதுவாப் பேசுங்க.”

அன்று சிரித்த சிரிப்பில் என் வயிறு நொந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே ஒன்றைக் கவனித்தேன். எனக்கென்று ஒரு பேச்சு இல்லை, மற்றவர்கள் பேச்சுத்தான் என் வாயில் வருகிறது என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. எனக்கும் ஒன்று இருந்தது. வசனத்தின் கடைசியில் அது தயங்கி நின்றது, ‘ங்க’ என்று ஒதுங்கி வழிவிட்டது. மேடையில் கேட்டபோது அது அவ்வளவு மோசமாகவும் இல்லை.

புதிதாக வரும் தங்கைகளுக்கு

இப்போது நீங்கள் பயிற்சி முடித்து வருகிறீர்கள். சுவரில் படம், விளையாட்டுச் சாமான், எல்லாம் இருக்கிறது. நான் சொல்ல இருப்பது சிறிய விஷயம். பிள்ளை வந்த முதல் நாளே தாயிடம் வீட்டில் எப்படிப் பேசுவீர்கள் என்று கேளுங்கள். வெட்கமாக இருந்தாலும் கேளுங்கள். நான் டீச்சரிடம் கேட்காமல் ஒளிந்து நின்று படித்ததுதான் எல்லாப் பிழைக்கும் தொடக்கம். கேட்டு வாங்கியிருந்தால் அவர் கொடுத்த பேச்சாக இருந்திருக்கும். கேட்காமல் எடுத்ததால் அவருக்கு அது பகிடியாகப்பட்டது. அடுத்தது, ஒருவருடைய பேச்சைப் பேசும்போது அது யாருக்காக என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை முன்னால் இருக்கும்வரை பிழை வராது. பிள்ளை தூங்கிவிட்டால் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

டீச்சர் குடும்பம் பிறகு மாற்றலாகி வவுனியாவுக்குப் போனது. 2009ஆம் வருஷம் ஒரு காலையில், பிள்ளைகளுக்குப் பாண் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. வளர்ந்த ஒரு பெண் பிள்ளையின் குரல்.

“ஆயா, நாந்தாங்க தர்சினி. எப்புடி இருக்கீங்க? சாப்டீங்களா?”

அசல் எங்கள் லயத்துப் பேச்சு. எனக்காகத் தேடி எடுத்து வைத்திருந்தாள்.

நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். விரல் தானாக மேலே போனது. அந்த வருஷம் எனக்கு உண்மையாகவே கண்ணாடி வந்திருந்தது.

“ஓம் பிள்ளை, சுகமா இருக்கிறன்” என்றேன். “நீங்கள் வடிவாச் சாப்பிட்டனீங்களோ?”